திரையில் தாதா, தெருவில் அடியாள்

மக்தப் மதரஸாவில் மாலை வகுப்பு தொடங்கும் முன் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தாதா படத்தின் காட்சியை நடித்துப் பார்த்தார்கள். ஆளாளுக்குத் தான்தான் தாதா என்று சண்டை. அடியாளாக நடிக்க ஒருவன்கூட முன்வரவில்லை. நாம் சிரித்துக்கொண்டே கடந்து வந்துவிட்டோம். பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது: படம் பார்க்கும் பிள்ளை தன்னைத் தலைவனாகத்தான் நினைத்துக்கொள்கிறான். நிஜத்தில் அந்த வாசலில் நுழைபவன் அடியாளாகத்தான் நுழைகிறான்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மும்பையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நம் நாட்டின் தாதா படங்களில் பெரும்பகுதி அந்த ஊரின் கதைதான்.

தமிழர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஹாஜி மஸ்தான், இராமநாதபுரம் பகுதியில் உள்ள பனைக்குளத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் மும்பை சென்று, துறைமுகத்தில் கூலி வேலை பார்த்து, தங்கக் கடத்தலில் வளர்ந்தவர். 1975ல் வந்த ‘தீவார்’ இந்திப் படத்தின் கதாநாயகன் அவரை வைத்து உருவானவன் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தப் படம்தான் தமிழில் ‘தீ’ ஆனது. தூத்துக்குடியிலிருந்து போன வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியதே 1987ல் வெளியான ‘நாயகன்’.

படம் காட்டும் காரணம், உண்மைக் காரணம்

‘தீவார்’ கதாநாயகன் நெஞ்சில் 786 எண் பொறித்த பில்லை இருக்கும். துப்பாக்கிக் குண்டு அதில் பட்டு, அவன் பிழைப்பான். ஒருவன் தாதாவாக உயர்வதற்கு அவனுடைய துணிச்சலும் விதியும்தான் காரணம் என்பது போல இத்தகைய காட்சிகள் சொல்கின்றன.

உண்மையில் அன்றைய கடத்தலை வளர்த்தது சட்டமும் சந்தையும். தங்க இறக்குமதிக்குக் கடும் தடை இருந்ததால் உள்நாட்டு விலை வெளிநாட்டு விலையைவிட வெகுவாக உயர்ந்து நின்றது. அந்த விலை வித்தியாசமே கடத்தல்காரனின் லாபம். 1990ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, பின்னர் இறக்குமதிக்கும் வழி திறந்தபோது அந்த லாபம் கரைந்தது. கும்பல்கள் மாமூல் வசூலில் மேலும் தீவிரமாக இறங்கின. கட்டடம் கட்டுபவர், ஓட்டல் நடத்துபவர் என்று எல்லோருக்கும் மிரட்டல் போன் வந்தது. தாதாக்களைக் கொண்டாடிய படவுலகமும் தப்பவில்லை. பாடல் கேசட் வணிகத்தில் பெரும்பெயர் பெற்ற குல்ஷன் குமார் 1997ல் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1982ல் மும்பை நெசவாலைகளில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பல ஆலைகள் அதன்பின் எழவே இல்லை. வேலை போன குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் கும்பல்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். வீரம் இவர்களைக் கொண்டுபோகவில்லை. வீட்டில் அடுப்பு எரியாததுதான் கொண்டுபோனது.

பணம் யாருக்குப் போகிறது?

படத்தில் தாதாவோடு இருக்கும் எல்லோரும் செழிப்பாக இருப்பார்கள். நிஜக் கும்பலின் வரவு செலவுக் கணக்கு வெளியாருக்குக் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒருமுறை கிடைத்தது. சென்னையில் பிறந்த சமூகவியலாளர் சுதீர் வெங்கடேஷ், போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலோடு பல ஆண்டுகள் பழகி அதைப் பெற்றார். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டோடு சேர்ந்து 2000ல் ஆய்வாக வெளியிட்டார்.

அந்தக் கணக்குப்படி, உள்ளூர்த் தலைவனுக்கு மாதம் சுமார் 8,500 டாலர். தெருவில் நின்று விற்ற பையனுக்கு மணிக்குச் சுமார் 3.30 டாலர். இது அன்றைய அமெரிக்கச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. அதனால் அவர்களில் பலர் பக்கத்தில் வேறு சில்லறை வேலைகளும் பார்த்துக்கொண்டு, தாய் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். கணக்கு எழுதப்பட்ட நான்கு ஆண்டு காலத்தில், தொடர்ந்து கும்பலில் இருந்தவன் கொல்லப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

சிகாகோ வேறு, மும்பை வேறுதான். ஆனால் மேலே ஒருவன் வாழக் கீழே பலர் சாகும் அமைப்பு, கும்பல் என்ற தொழிலுக்கே பொதுவானது.

நட்பு என்ற பெயரில்

‘நண்பனுக்காக உயிரையும் கொடுப்பான்’ என்பது இந்தப் படங்களின் பெரிய கவர்ச்சி. மும்பையில் நடந்தது என்ன? ஒரே கும்பலில் இருந்த தாவூத் இப்ராஹிமும் சோட்டா ராஜனும் பரம எதிரிகள் ஆனார்கள். இரு தரப்பு ஆட்களும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். 2000ல் பாங்காக் வரை தேடிப்போய் ராஜனைச் சுட்டார்கள். அவர் உயிர் தப்பினார்.

அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அந்த உதவி என்று அண்ணலார் விளக்கினார்கள். அரிவாளை எடுத்துக்கொண்டு கூடவே போவதல்ல நட்பு. அவன் கையைப் பிடித்து நிறுத்துவதே நட்பு.

படம் முடிந்த பிறகு

1991ல் மும்பை லோகண்ட்வாலாவில் போலீஸார் சுற்றிவளைத்துச் சுட்டதில் மாயா தோலாஸ் உள்ளிட்ட ஏழு பேர் இறந்தார்கள். தோலாஸுக்கு வயது 25. பிற்காலத்தில் அந்தச் சம்பவமும் படமானது. அவர் பெயரையாவது சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். உடன் இறந்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

உயிரோடு பிடிபட்டவனின் கதை அதைவிட நீளமானது. 1999ல் மகாராஷ்டிராவில் வந்த அமைப்புரீதியான குற்றங்களுக்கு எதிரான சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை அவகாசம் உண்டு. இரண்டரை மணி நேரப் படத்தில் இந்த நாட்களைக் காட்ட இடமில்லை. மகனுக்காக துஆ செய்யச் சொல்லி நம்மிடம் வரும் தாய்மார்கள் சிலர் இந்த நாட்களில்தான் வாழ்கிறார்கள். வக்கீலுக்காக நகை அடகுக்குப் போகிறது. தங்கைக்கு வந்த வரன் திரும்பிப் போகிறது. தெருப்பெயரைச் சொன்னாலே வேலை இல்லை என்கிறார்கள். தவறு செய்தவன் ஒருவன், சுமப்பது மஹல்லா முழுவதும்.

ஹாஜி மஸ்தானின் பெயரை ‘நம்ம ஊர்க்காரர்’ என்று சிலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். பெற்றோரே அப்படிச் சொன்னால், பிள்ளை கேட்டு நடக்க உபதேசம் எதுவும் மிஞ்சாது.

பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்ப்பதையே நாம் விரும்பவில்லை. ஆனால் அவர்கள் கையில் போன் இருக்கும் காலத்தில், பார்த்துவிட்டு வரும் பிள்ளையைத் திட்டி மட்டும் பயனில்லை. பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தச் சண்டையில் முதலில் விழுந்தானே, அவன் பேர் என்ன வாப்பா? அவன் உம்மா இப்போ என்ன செய்வாங்க?”

பிள்ளைக்குப் பதில் தெரியாது. படம் அதைச் சொல்லியிருக்காது. அந்த இடத்திலிருந்து நீங்கள் பேசத் தொடங்கலாம்.