குதிரை வாங்கிய மறுநாள் தொடங்கும் கணக்கு

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கால்நடைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். மாதாமாதம் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சவாரி போனாலும் லாயத்தில் சும்மா நின்றாலும் குதிரைக்குத் தீனி வேண்டும்.

400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீவனம் சுமார் 8 கிலோ தேவை. மாதத்துக்கு 240 கிலோ. வருடத்துக்கு ஏறக்குறைய 3 டன். இதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். பசும்புல்லிலும் குதிரைமசாலிலும் பெரும்பகுதி நீர் என்பதால், அவற்றைக் கொடுத்தால் எடை பல மடங்கு கூடும். தண்ணீர் ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம்.

புல்லைக் குறைத்துவிட்டுத் தானியத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆபத்தே அங்குதான். குதிரைக்கு இரைப்பை சிறியது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலும் இருக்கின்றன. தானியத்தின் மாவுச்சத்து செரிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தால் புளித்து, அமிலமும் வாயுவும் பெருகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி வந்தால் உருளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதனால் தீவனப் பணத்தில் கை வைக்கவே கூடாது. நள்ளிரவில் மருத்துவரை வரவழைக்கத் தனியாக ஒரு தொகையும் இருக்க வேண்டும்.

அடுத்தது குளம்பு. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். குளம்பின் வெளிச்சுவரில் உணர்ச்சி கிடையாது. ஆணியை அதற்குள் சாய்வாக அடித்து, பக்கவாட்டில் வெளிவரும் முனையை முறித்து மடக்குவார்கள். சாய்வு கொஞ்சம் உள்ளே தவறினால் உயிருள்ள சதையில் பாய்ந்து குதிரை நொண்டும். கூலி குறைவு என்பதற்காகக் கைப்பழக்கம் இல்லாதவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

குடற்புழு மருந்து, ரணஜன்னித் தடுப்பூசி, வருடம் ஒருமுறை கூரான பற்களை அரத்தால் தேய்ப்பது ஆகியவை சிறிய செலவுகள்தாம். ஆனால் குதிரை 25 வருடம் வாழும். பல் தேய்ந்த கடைசி வருடங்களில் சவாரிக்கு உதவாது, தீவனத்தையும் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே அந்த வருடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.