ஆய்வுக்குக் கொடுத்த ரத்தம் எங்கே போகிறது?

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். "ஆராய்ச்சிக்கு இன்னொரு டியூப் எடுத்துக்கறோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று படிவத்தை நீட்டுகிறார்கள். போடலாமா?

போடலாம். ஆனால் விஷயம் தெரிந்து போடுங்கள்.

அந்த ரத்தம் என்ன ஆகும்? 'ஜீனோம் இந்தியா' திட்டத்தையே பாருங்கள். 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியை (பெற்றோர் வழியாக நமக்கு வந்த முழு உடற்குறிப்பு) படித்தார்கள். ஒருவருடைய தரவே நூறு ஜிபி வரை வரும். அவை ஃபரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெற 2025 ஜனவரியில் வழி திறந்தது.

எடுத்தவர்களே வைத்துக்கொண்டால் என்ன? போதாது. இதயத் தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பது 2009இல் வெளிவந்தது. ஐரோப்பியரிடம் அது இல்லை என்றே சொல்லலாம். அவர்களுடைய தரவை மட்டும் புரட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நம் நோய்க்கு மருந்து தேட நம் தரவே வேண்டும்; அது ஒரே இடத்தில் முடங்காமல் பலர் கைக்கும் போக வேண்டும்.

பெயர் வெளியே வராதா? பெயரை நீக்கிவிட்டுக் குறியீட்டு எண் போடுவார்கள். ஆனாலும் மரபணுவே ஓர் அடையாளம்தான். பெயர் நீக்கிய மரபணுத் தரவை, இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தகவல்களோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஐம்பது பேரைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அது 2013இல். அதனால்தான் இத்தகைய தரவைப் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி விடுவதில்லை. காரணம் கேட்டு, நிபந்தனை போட்டுத்தான் தருகிறார்கள். இன்னொன்று: உடன்பிறந்தவரோடு உங்கள் மரபணுவில் ஏறக்குறைய பாதி ஒத்துப்போகும். நீங்கள் கொடுப்பது உங்களைப் பற்றிய தகவல் மட்டும் அல்ல. வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது? இந்த ஓர் ஆய்வுக்கு மட்டுமா, வருங்கால ஆய்வுகளுக்குமா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு ஒப்புதல்கள். தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா, என் உடம்பில் ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல ஆய்வுகளில் தனி ஆளுக்கு முடிவு சொல்வதில்லை. இதை மருத்துவப் பரிசோதனை என்று நம்பிவிடாதீர்கள்.

மறுத்தால் சிகிச்சை குறையுமா? குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன.

பின்னால் மனம் மாறினால்? விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே வெளியான முடிவுகளிலிருந்து உங்கள் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே யோசிப்பதைக் கையெழுத்துக்கு முன்பே யோசியுங்கள்.

படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, மருத்துவ ஃபைலோடு வையுங்கள். விலக நினைத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் அதில்தான் இருக்கும்.