ஓநாய்க்குத் தாக்குப்பிடித்த குதிரை, பனியில் சாய்ந்தது ஏன்?

பட்டியில் ஒரு குட்டி குறைந்தால், முதலில் நாயையோ நரியையோதான் சந்தேகப்படுவோம். காட்டில் மான், குதிரை போன்றவை குறைந்தாலும் பழி வேட்டை விலங்குகள் மேல்தான் விழுகிறது. மங்கோலியாவின் கோபி பாலைவனம் சொல்லும் பாடமோ வேறு.

கோடையில் 40 டிகிரி வெயில், குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை குளிர். இந்த மண்ணில் ‘தாகி’ எனும் காட்டுக்குதிரை, ‘குலான்’ எனும் காட்டுக்கழுதை, கறுப்பு வால் இரலை மான் ஆகிய மூன்றும் மேய்கின்றன. மூன்றுக்கும் முக்கிய எதிரி, ஓநாய்.

ஒளியும் குட்டி, ஓடும் குட்டி

இரலை மான் பெரும்பாலும் இரட்டைக்குட்டி ஈனும். பிறந்த குட்டிகள் புதர் ஓரத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். தாய் தள்ளி நின்று மேய்ந்து, பால் கொடுக்க மட்டும் வரும். வாடை வெளியே தெரியாமலிருக்க, குட்டியின் கழிவுகளையும் நக்கிச் சுத்தம் செய்துவிடும். நம் வெள்ளாட்டுக் குட்டிகள் மூலையில் முடங்கிக் கிடப்பதும் இதே குணம்தான்.

குதிரை இதற்கு நேர்மாறு. குட்டி பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து தாயோடு நடக்கும். ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், குட்டிகள் சேர்ந்ததுதான் ஒரு கூட்டம். ஓநாய் நெருங்கினால் பெரியவை குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நிற்கும். ஆண் குதிரை பாய்ந்து கடித்தும் உதைத்தும் விரட்டும்.

அப்படியும் ஓநாய் சில குட்டிகளைத் தூக்கிவிடுகிறது. ஆனால், அதனால் இனம் அழிந்துவிடவில்லை. தலைநகர் உலான்பாதருக்கு மேற்கே, புல்வெளிப் பகுதியான ஹுஸ்தாய் தேசியப் பூங்காவுக்கு 1992-ம் ஆண்டு தாகிகள் கொண்டுவரப்பட்டன. ஓநாய்கள் உலவும் அதே இடத்தில் இன்று அவை 300-ஐத் தாண்டிவிட்டன.

மனிதரால் மறைந்த குதிரை

காட்டில் கடைசி தாகி கண்ணில் பட்டது 1969-ம் ஆண்டு. துப்பாக்கி வேட்டையும், புல்லுக்கும் தண்ணீருக்கும் கால்நடைகளோடு ஏற்பட்ட போட்டியும், கடும் குளிர்காலங்களும் சேர்ந்து இனத்தைத் துடைத்துவிட்டன. உயிரியல் பூங்காக்களில் மிஞ்சிய சில குதிரைகளின் வாரிசுகள்தான் 1992-ல் தாயகம் திரும்பின. ஹுஸ்தாய் போலவே, கோபியின் தென்மேற்குப் பகுதியிலும் அவை விடப்பட்டன.

2009-10 குளிர்காலத்தில் கோபியில் ‘ஜுட்’ தாக்கியது. புல்லைப் பனி மூடி, கால்நடைகள் பட்டினியால் சாகும் பேரிடருக்கு மங்கோலியர் வைத்த பெயர் இது. தென்மேற்கு கோபியில் மேய்ப்பர்கள் சராசரியாக 67 சதவிகிதக் கால்நடைகளை இழந்தார்கள். தாகிகளில் 60 சதவிகிதம் மடிந்தன. அதே பகுதியில் மேய்ந்த குலான்களுக்கோ பெரிய சேதம் இல்லை.

நடந்தது பிழைத்தது

காரணம், கால்தான். ஒரு தாகி சுற்றும் பரப்பு சில நூறு சதுர கிலோமீட்டர். அதிகபட்சம் சுமார் 800. தண்ணீரும் நல்ல புல்லும் உள்ள இடத்தை விட்டு அது அதிகம் நகராது. குலானோ 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றும். வறண்ட ஆற்றுப்படுகையில் குளம்பால் குழி தோண்டித் தண்ணீர் குடிக்கும். அந்தக் குளிர்காலத்தில் கிழக்கே பனி ஆழமாகக் கொட்டியது, மேற்கே குறைவு. குலான்கள் மேற்கே நகர்ந்துவிட்டன. பெரும்பாலான தாகிகள் தங்களுக்குப் பழகிய கிழக்கிலேயே நின்று மடிந்தன. மேற்கே இருந்த தாகிகளுக்குப் பெரிய பாதிப்பில்லை.

மங்கோலிய மேய்ப்பர்களுக்கு இது புதிய பாடமல்ல. மேய்ச்சல் கெட்டால் மந்தையைத் தொலைதூரத்துக்கு ஓட்டிப்போவதை ‘ஒத்தர்’ என்று தனிப்பெயர் வைத்தே அழைக்கிறார்கள். எல்லாக் குதிரைகளையும் ஒரே பகுதியில் வைக்கக் கூடாது என்பதுதான் அந்த இழப்புக்குப் பிறகு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்ன முடிவும்.

ஓநாய் ஒரு குட்டியை எடுக்கும். ஒரே இடத்தை நம்பி நிற்கும் மந்தையை, ஒரு கெட்ட பருவம் மொத்தமாக எடுத்துவிடும். காவலுக்கு நாய் வைப்பது எவ்வளவு முக்கியமோ, மாற்று மேய்ச்சலுக்கும் இருப்புத் தீவனத்துக்கும் வழி செய்துகொள்வது அதைவிட முக்கியம்.