எதிரொலியை விழுங்கும் கரி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியில், மாட்டுப்பட்டியைத் தாண்டினால் எக்கோ பாயிண்ட். ஏரிக்கரையில் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினால், எதிர்க்கரை மலை கொஞ்சம் யோசித்துவிட்டு அதே பெயரைத் திருப்பிச் சொல்லும். அதே சாலையில் மேலே போனால், தேனி மாவட்ட எல்லையை ஒட்டிப் பாம்பாடும் சோலை. அங்கே நிலைமை தலைகீழ். பாசி படர்ந்த மரங்களுக்கும் சருகு மெத்தைக்கும் நடுவே, பக்கத்தில் வருபவரோடு பேசும் பேச்சுகூடச் சட்டென்று அடங்கிவிடும்.

ரேடார் செய்வது எக்கோ பாயிண்ட் வேலை. அது மைக்ரோவேவ் அலையை அனுப்பும். கப்பலோ விமானமோ அதைத் திருப்பி அனுப்பினால், எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளும். தப்பிக்க நினைப்பவர், தன் உலோக உடம்பின் மேல் ஒரு சோலையைப் பூசிக்கொள்ள வேண்டும். அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குள். மைக்ரோவேவ் உறிஞ்சும் பூச்சு என்பது இதுதான்.

தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பிலேயே இரண்டையும் பார்க்கலாம். உட்புறத் தகடு அலையைத் திருப்பி அடிக்கிறது. அதனால் தகடு அலையால் சூடாவதில்லை. உள்ளே வைத்த சாம்பார் அலையை வாங்கிக்கொள்கிறது, அதனால் கொதிக்கிறது. ரேடாருக்கு முன்னால் தகடு போல நின்றால் மாட்டிக்கொள்வோம். சாம்பார் போல நிற்க வேண்டும்.

அதற்கு இரண்டு தகுதிகள் தேவை. முதலாவது, அலையை வாசலிலேயே விரட்டாமல் உள்ளே விடுவது. வெட்டவெளியில் மின்காந்த அலை சந்திக்கும் மின்மறுப்பு சுமார் 377 ஓம். பொருளின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே மின்மறுப்பைக் காட்டினால், அலை படியேறியதே தெரியாமல் உள்ளே நுழைந்துவிடும். இரண்டாவது, நுழைந்த அலையை வெப்பமாக்கித் தீர்ப்பது. ஒன்றிருந்தால் மற்றது இருக்காது என்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

இந்த முயற்சி புதிதல்ல. இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிக் கப்பலின் மூச்சுக்குழாய்க்கு இப்படிப்பட்ட உறை போட்டார்கள். பின்னால் வந்த பூச்சுகளில் நுண்ணிய இரும்புத்தூளைப் பிசினில் குழைத்தார்கள். அவை வேலை செய்தன. ஆனால் பூச்சின் எடையில் பெரும்பங்கு இரும்புதான். விமானத்துக்கு அது சுமை.

இங்கேதான் கிராஃபீன் வருகிறது. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டை ஏடு ஏடாகப் பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஒற்றை அணு கனமுள்ள கரி ஏடு மிஞ்சும். மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004இல் சாதாரண ஒட்டு டேப்பால் இதைப் பிரித்துக் காட்டினார்கள்; 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். எடையோ மிகக் குறைவு, மின்கடத்தலோ அபாரம்.

ஆனால் அந்த அபாரமே இங்கே இடைஞ்சல். நன்றாக மின்சாரம் கடத்தும் பொருள் உலோகத் தகடு போலவே அலையைத் திருப்பி அடிக்கும். ஆகவே ஆய்வாளர்கள் கிராஃபீனைக் கொஞ்சம் கெடுக்கிறார்கள். கிராஃபைட்டைக் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவிட்டால் கிராஃபீன் ஆக்சைடு கிடைக்கும். ஹம்மர்ஸும் ஆஃப்மனும் 1958இல் எழுதிவைத்த முறை இது. பிறகு ஆக்சிஜனை ஓரளவு நீக்குகிறார்கள். முழுதாகப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனும், ஏட்டில் விழுந்த ஓட்டைகளும் மின் இருமுனைகளாக வேலை செய்து, அலையோடு சேர்ந்து ஆடி அதன் ஆற்றலைக் கரைக்கின்றன. வேறு துறைக்காரர் குறை என்று ஒதுக்குவதை இங்கே கேட்டு வாங்குகிறார்கள்.

அலைக்கு மின்புலம் போலவே காந்தப்புலமும் உண்டு. அதைக் கவனிக்க மாக்னடைட், ஃபெரைட் போன்ற காந்தத் துகள்களை நானோமீட்டர் அளவில் ஏடுகளின் மேல் வளர்க்கிறார்கள். இவை கடத்துதிறனைத் தணித்து, அலை உள்ளே வர வாசலையும் திறந்துவிடுகின்றன. இந்தக் கலவையை எப்பாக்ஸி போன்ற பாலிமரில் தூவினால் நானோகலப்புப் பொருள் தயார்.

கனமும் கணக்குப்படிதான். ரேடார்கள் அதிகம் பயன்படுத்தும் 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். பொருளுக்குள் அது சுருங்கி, சுமார் 1 சென்டிமீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பூச்சு அதில் கால்பங்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் அடித்தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

சோதனைக்கூடத்தில் இதை அளக்கும் விதம் எளிமையானது. தூளை உருக்கிய பாரஃபின் மெழுகில் கலந்து, நடுவில் துளையுள்ள சிறு வளையமாக அச்சில் அழுத்துகிறார்கள். வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர், துளை 3 மில்லிமீட்டர். மெதுவடையின் பொம்மை வடிவம். அதைப் பகுப்பாய்வுக் கருவியின் குழாயில் செருகி, எவ்வளவு அலை திரும்புகிறது, எவ்வளவு கடந்து போகிறது என்று பார்க்கிறார்கள். விடை டெசிபலில் வரும். மைனஸ் 10 என்றால் 90 சதவீத ஆற்றல் திரும்பி வரவில்லை; மைனஸ் 20 என்றால் 99 சதவீதம். மைனஸ் 60 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது ஒரே அதிர்வெண்ணில், ஒரே கனத்தில் தொட்ட உச்சம். ரேடார் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் மாயம் கலைந்துவிடும். மைனஸ் 10க்குக் கீழே எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டை அடங்குகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வளையம் பூச்சாக மாற வேண்டிய ஊர்கள் நமக்குத் தூரமில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் எடுக்கிறது. திருச்சூரில் உள்ள சி-மெட் ஆய்வு நிறுவனமும் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொச்சியில் கிராஃபீனுக்கென்றே ஒரு மையம் அமைத்திருக்கின்றன. பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலத்தில் பாதுகாப்புத் தளவாடங்களுக்காகக் கேரள அரசு நிறுவனமான கின்ஃப்ராவின் தொழில் பூங்கா இருக்கிறது. நடுவில் நிற்கும் சிக்கல் சமையலறைச் சிக்கல்தான்: கிராஃபீன் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிக்கொள்ளும். ஒரு சிட்டிகைத் தூளை மெழுகில் கட்டியில்லாமல் கலப்பது எளிது. ஒரு பீப்பாய்ப் பிசினில் அதே சீராகக் கலந்து, மழையிலும் உப்புக்காற்றிலும் உரியாமல் கப்பல் மேல் நிற்கவைப்பதுதான் பாக்கி.