பழைய பொம்மைக்கு ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது?

கையிருப்பு பழசானால் விலை இறங்கும் என்பதுதான் நமக்குத் தெரிந்த வணிகம். ஆனால் 1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனி 1904 வாக்கில் செய்த கரடிப் பொம்மை ஒன்று 1,10,000 பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர் ஒரு ஜப்பானியர். பணம் மிஞ்சியவர்களின் பைத்தியம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகளே இப்போது வீட்டிலிருந்தபடி இந்த ஏலங்களில் கலந்துகொள்கிறார்கள், கடை முதலில் கொஞ்சம் எடுத்துப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கார்ட்டூன் படச் சித்திரங்களை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் வருமுன், கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் உருவத்தை வரைந்து, பின்புறம் வர்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும் என்றால் எத்தனை ஆயிரம் தாள் ஆகியிருக்கும்! படம் முடிந்தபின் அவை ஸ்டுடியோவுக்குக் கழிவு. வர்ணத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப உபயோகித்ததும் உண்டு. 1937-ல் வந்த டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' படத்தின் தாள்கள் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு ஓவியக் கடை மூலம் விற்பனைக்கு வந்தன. 1955-ல் திறந்த டிஸ்னிலாந்து பூங்காவிலோ சில டாலருக்கே தாள்கள் கிடைத்தன. 1989-ல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்துக்குப் பிறகு டிஸ்னியின் முழுநீளப் படங்கள் கம்ப்யூட்டர் வர்ணத்துக்கு மாறிவிட்டன. வரத்து நின்று கிராக்கி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதிலும் ரகம் உண்டு. முகம் நன்றாகத் தெரிந்து, கண் திறந்திருந்தால் கூடுதல் விலை. அதே காட்சியின் அசல் பின்னணி ஓவியமும் சேர்ந்திருந்தால் முதல் ரகம். காமிரா முன் வைக்கப்படாமல், விற்பதற்கென்றே இயந்திரத்தில் அச்சடித்த தாள்களும் அழகான சட்டத்தோடும் சான்றிதழோடும் வருகின்றன. அவற்றை அசல் விலைக்கு வாங்கக் கூடாது.

பொம்மையில் அசல் வர்ணமும் அட்டைப்பெட்டியும்தான் முக்கியம். மார்க்லின், பிங், லேமன் போன்ற ஜெர்மன் தகரப் பொம்மைகளுக்குப் புது வர்ணம் அடித்தால் மதிப்புப் போய்விடும். பெட்டியைக் குழந்தைகள் அன்றே கிழித்துவிட்டதால், பெட்டியோடு வந்தால் விலை வேறு. விற்காமல் கடைப் பரணில் கிடந்த சரக்கை இவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். நாமோ பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்!

இனி முக்கியமான கணக்கு. 1975-ல் லண்டனின் பெரிய ஏலக் கம்பெனிகள், விற்பவரிடம் வாங்கும் கமிஷன் போதாதென்று வாங்குபவரிடமும் 10 சதவீதம் வசூலிக்கத் தொடங்கின. இப்போது பல இடங்களில் 25 சதவீதம், அதற்கு மேலும் உண்டு. 1,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் நாம் கட்டுவது 1,250. வரி, கூலி, சுங்கம் தனி. அதையே பிறகு விற்கும்போது விற்பனைக் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தாலும், 1,470 பவுண்டுக்கு ஏலம் போனால்தான் போட்ட முதல் தேறும். அதுவரை வட்டி நம் தலையில். தவிர, சிறுவயதில் அதை வைத்து விளையாடியவர்கள்தான் பெரும்பாலும் கிராக்கி. அந்தத் தலைமுறை போனால் சாதாரண ரகத்தைக் கேட்க ஆள் குறையும். ஆசைக்கு வாங்கலாம், கடை முதலை இதில் முடக்குவது சரியல்ல என்பதே நம் அபிப்பிராயம்.

வாங்குகிறவர்கள் சரக்கின் நிலையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பழைய தாளில் வர்ணம் உதிரும், தாள் சுருங்கும். காடி வாசனை வந்தால் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கேட்லாக் படத்தில் அந்த வாசனை வராது.