கணிப்பொறி அறிக்கையில் தமிழ் சிதைவதேன்?

(இரண்டாம் பி.எஸ்ஸி., புள்ளியியல்)

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. சென்ற பருவத்தில் எங்கள் செய்முறைப் பயிற்சிக்காகக் கணிப்பொறி ஆக்கித் தந்த அறிக்கையில் ஒரு கண் நன்றாகவே இருந்தது. சராசரியும் திட்ட விலக்கமும் ஒழுங்காக வந்திருந்தன. பழுதானது மற்றொரு கண். ஊர்ப்பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள். மறுபக்கம் எம்மொழியிலும் சேராத கிறுக்கல்கள். இஃது எவ்வாறு நேர்ந்தது, எப்படிக் கண்டறிந்து திருத்துவது என்பதை, எனக்குப் பின் செய்முறை எழுதவிருக்கும் நண்பர்களுக்காக விளக்க முற்படுகிறேன். பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் புறநகர் ரயிலில் வந்து செல்லும் தொழிலாளர்களிடம் ஊர், பயண நேரம், மாத வருமானம் ஆகியவற்றைக் கேட்டுத் தொகுப்பது எங்கள் பணி. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை நிலையங்களில் நாங்கள் நால்வர் காலையும் மாலையும் நின்றோம். "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்பது கடைசிக் கேள்வி. முதலில் தயங்கியவர்களும் இந்தக் கேள்விக்கு ரயில் வரும்வரை பேசினார்கள். நண்பர் ஒருவர் விடைகளைக் கைப்பேசியில் பதிந்தார்; ஒருவர் ஆய்வகக் கணிப்பொறியில்; இன்னொருவர் தம் ஊர் டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில். மூன்று கோப்புகளையும் இணைத்தது நான். குற்றவாளி யார் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எழுத்தும் எண்ணே

கணிப்பொறிக்கு எழுத்தே தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்து, அந்த எண்ணைத்தான் அது சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்துக் காட்டும் பட்டியலே குறியேற்றம் எனப்படும். ஒரு பட்டியலின்படி எழுதியதை வேறொரு பட்டியலின்படி படித்தால், பேருந்து நிலையத்தில் பக்கத்து ஊர்க் கால அட்டவணையைப் பார்த்து நிற்பவன் கதைதான்.

பழைய முறைகளில் ஒரு பைட்டுக்கு மொத்தம் 256 இடங்களே. முதல் 128 ஆங்கிலத்துக்கும் பிற குறிகளுக்கும் உரியவை. தமிழ் மென்பொருள் செய்தோர் அவரவர் விருப்பப்படி தமிழைக் குடியேற்றினார்கள். பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழை உட்கார வைத்தது. அதில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு என்ற வேடத்தைக் கலைத்தால் ஆங்கிலம் நிற்கும். புள்ளிவிவரக் கோப்பு எண்களை மட்டுமே சுமக்கும், எழுத்துருவைச் சுமக்காது. ஆகவே டி.டி.பி. கடைக் கோப்பு எங்கள் அறிக்கையில் பொருளற்ற ஆங்கிலமாய் வந்தது இயல்பே.

இக்குழப்பத்தை ஒழிக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதன் பயனாக டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை அவ்வாண்டே தமிழக அரசு தரமாக ஏற்றது. 1991 முதல் வளர்ந்துவந்த ஒருங்குறியோ உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலைத் தந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ்-16 என்பதையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. அரசாணை வந்துவிட்டது, எங்கள் ஊர்க் கடையிலிருந்து பாமினி இன்னும் போகவில்லை.

நோயின் குறிகள்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், திரையில் தெரியும் சிதைவைக் கொண்டே பழுது எங்கே என்று சொல்லிவிடலாம்.

முதலாவது கிறுக்கல். யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகிறது. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. விண்டோஸின் பழைய மேலை ஐரோப்பியப் பட்டியலில் 224 என்பது தலையில் சாய்கோடு இட்ட சிறிய 'ஏ'. 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. இவ்விரண்டும் மீண்டும் மீண்டும் வரும் கிறுக்கலைக் கண்டால் அஞ்ச வேண்டா. தமிழ் உள்ளே நலமாக இருக்கிறது. படிக்கும் பட்டியல்தான் தவறு. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், இறக்குமதிப் பகுதிக்குச் சென்று 'யு.டி.எஃப்.-8' என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுந்து நிற்கும். ஆனால் கிறுக்கலை அப்படியே சேமிப்பது ஆபத்து. அந்தப் பழைய பட்டியலில் 129, 141 ஆகிய இடங்கள் காலி. நம் உகரக் குறியின் கடைசி பைட் 129; மெய்யெழுத்தின் புள்ளிக்கு 141. கண்டிப்பான சில நிரல்கள் காலி இடத்து எண்களை உதறிவிடும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழைக் கற்பனை செய்து பாருங்கள்!

இரண்டாவது கட்டங்கள். சிறு பெட்டிகளாகத் தெரிந்தால் எண்கள் சரி, அவற்றை வரையும் எழுத்துரு இல்லை என்று பொருள். அறிக்கையைப் பி.டி.எஃப். ஆக்கும்போது இது மிகுதி. லாடெக் வழியே ஆக்குவோர் பழைய பி.டி.எஃப்.லாடெக்கை விட்டு சீலாடெக் அல்லது லுவாலாடெக் இயந்திரத்தைத் தேர்ந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவின் பெயரையும் குறித்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குறி. இதுதான் கொடியது. விண்டோஸின் பழைய 256 இடப் பட்டியல்களில் ரஷ்ய மொழிக்கு ஒன்று உண்டு, கிரேக்கத்துக்கு உண்டு, தாய்லாந்து மொழிக்கும் உண்டு. தமிழுக்குக் கிடையாது. எனவே தமிழ் உள்ள அட்டவணையைப் பழைய முறைச் சாதாரண சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், இடம் கிடைக்காத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. எல்லாம் ஒரே எண். எது ககரம், எது பகரம் என்று எந்த மந்திரவாதியாலும் பிரித்தெடுக்க இயலாது. சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்.-8' என்னும் வகையைத் தேர்ந்திருந்தால் போதும். நான் தேரவில்லை. மூலக் கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன்.

ஊர்ப்பெயர்களைப் படிவத்தாள்களிலிருந்து மீட்டோம். கடைசிக் கேள்விக்கான விடைகள் தாளில் இல்லை. நேரே கைப்பேசியில் பதிந்தவை. அவற்றுள் ஒன்று என் தந்தையார் சொன்னது. தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் அவரிடம் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. அவரிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டேன். மற்றவர்களை எந்த ரயிலில் தேடுவது?

புள்ளியியலுக்குப் புகழ்பெற்ற ஆர் மொழியும் விண்டோஸில் நெடுங்காலம் இத்தொல்லைக்கு ஆளாகியிருந்தது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பு முதல், புதிய விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிந்தியதிலும் அது யு.டி.எஃப்.-8-ஐயே தன் இயல்பு முறையாகக் கொள்கிறது. ஆய்வகத்தில் பழைய பதிப்பு இருப்பின் முதல் வேலையாக அதை மாற்றுவது பாதி நோயைத் தீர்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை

சிதைவு கண்ணில் பட்டால் திருத்திவிடலாம். எல்லாம் அழகான தமிழாகத் தெரிந்தும் கணக்கு தவறினால்? திருத்திய அறிக்கையின் நிகழ்வெண் பட்டியலில் பொன்னேரி இரண்டு வரிசைகளில் வந்தது. இரண்டும் அச்சில் ஒன்றே. ஆனால் 'பொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: பகரத்துடன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது இரண்டாம் வகை வந்துவிடக்கூடும். நமக்கு ஓர் ஊர், கணிப்பொறிக்கு ஈரூர். இயல்பாக்கம் என்னும் கட்டளை, குறிப்பாக அதன் 'என்.எஃப்.சி.' வடிவம், இவற்றை ஒன்றாக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் அதற்கும் அடங்காது. 2005-இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்புக்குப் பின், ஸ்ரீயை 'ஶ' என்ற எழுத்தை அடியாகக் கொண்டும் எழுதலாயினர். அதற்கு முன் 'ஸ' அடியாக எழுதப்பட்டது. பார்வைக்கு வேறுபாடில்லை, இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. நாமே தேடி மாற்ற வேண்டும். திருவள்ளூரைக் குறில் இட்டுத் 'திருவள்ளுர்' என்று தட்டுவதும் ஒரு தனி ஊரைப் பெற்றெடுக்கும். அந்தப் பழியை ஒருங்குறியின் மேல் போடக் கூடாது; அது நம் தமிழாசிரியர் பார்க்க வேண்டிய வழக்கு.

நீளத்திலும் ஒரு பொறி உண்டு. கும்மிடிப்பூண்டி நம் கணக்கில் 8 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 16 குறி. யு.டி.எஃப்.-8-இல் 48 பைட். ஊர்ப்பெயருக்கு 20 பைட் போதும் என்று கட்டம் ஒதுக்கினால் 'கும்மி'யோடு ஊர் நின்றுவிடும். மிஞ்சும் இரண்டு பைட்டுகள் அரைகுறை டகரமாய்த் தொங்கும். தமிழ் முறைப்படி எழுத்தெண்ண, பைத்தான் மொழியில் 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரலகம் உதவுகிறது. அகரவரிசையும் அப்படியே. ஒருங்குறி எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே. தமிழ் வரிசை வேண்டுமாயின் தமிழ் வட்டார அமைப்பின்படி வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும்.

வட்டார அமைப்பு

வட்டார அமைப்பு என்பது, இந்த நாட்டில் தேதியையும் எண்ணையும் எப்படி எழுதுவார்கள் என்று மென்பொருளுக்குச் சொல்லிவைப்பது. அமெரிக்க அமைப்பில் இருந்த கணிப்பொறி, ஆகஸ்ட் 5-ஐக் குறித்த 5/8 என்பதை மே 8 ஆக்கிற்று. 12-க்கு மேற்பட்ட நாள்களைத் தேதியாகவே ஏற்கவில்லை. காற்புள்ளி அதைவிட மோசம். மேற்கோளுக்குள் இடாமல் 18,500 என்று எழுதியதைக் காற்புள்ளியால் பிரியும் கோப்பு இரு கட்டங்களாக உடைத்தது. மாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வாங்குபவர் பதினெட்டு ரூபாய்க்காரர் ஆனார். ஜெர்மானிய அமைப்பில் காற்புள்ளியே தசமப்புள்ளி. அங்கே அவர் பதினெட்டரை ரூபாய் பெற்றிருப்பார்! ஆகவே கோப்பில் எண்களைக் காற்புள்ளியின்றியும், தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலும் எழுதி, அழகுபடுத்துவதை அச்சுக்கு விட்டுவிடுவதே நன்று. ஆர் மொழியில் எழுத்து, வரிசை, தேதி ஆகியவற்றின் வட்டார அமைப்பைத் தனித்தனியே மாற்றலாம். எண்ணுக்குரியதை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் நிரல் விபரீதமாக நடக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

திருத்திய அறிக்கையில் பொன்னேரி ஒரே வரிசையில் வந்தது. அழிந்த விடைகளுக்கு நேரே முதலில் 'விடை இல்லை' என்று நிரப்பியிருந்தேன். எங்கள் பேராசிரியர் அதன்மேல் விரலை வைத்து, "அவர்கள் சொல்லவில்லையா, நாம் தொலைத்தோமா?" என்று கேட்டார். 'விடை இல்லை' என்பது ஒரு விடை. அதைச் சொன்னவர்களோடு இவர்களைச் சேர்த்தால் சதவீதமே பொய்யாகிவிடும் என்றார். ஆகவே அட்டவணையில் மேலும் ஒரு வரிசை இட்டு, 'விடை அழிந்தது' என்று எழுதி, அதன் எண்ணிக்கையையும் எதிரே குறித்துக் கொடுத்தேன்.