நம் வீட்டுப் புகைப்படங்கள் எங்கே இருக்கின்றன?

உங்கள் வீட்டுப் புகைப்படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் அநேகமானோர் "போனில் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் பட்டியல் நீளும். திரை உடைந்து இலாச்சியில் கிடக்கும் பழைய போன், எதிலிருந்து கழற்றியது என்றே தெரியாத மெமரி காட், கல்யாண வீட்டு டீவீடி, வெளிநாட்டில் இருக்கும் நானாவின் லெப்டொப். எங்கள் வீட்டில் 2025 டிசம்பர் விடுமுறையில் எல்லாவற்றையும் திரட்டி எண்ணினோம். நான்கு போன், ஒரு லெப்டொப், மூன்று மெமரி காட், பதினொரு டீவீடி. படங்கள் ஏறத்தாழ 22,000. வீடியோக்களையும் சேர்த்தால் 190 கிகாபைட். வாப்பா ராகலை டவுனில் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் யாரும் படப்பிடிப்பாளர் இல்லை. உங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இவ்வளவு இருக்கலாம்.

பிலிம் கெமரா காலத்தில் ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுத்தார்கள். இப்போது போனில் எடுக்கும் ஒரு படம் மூன்று முதல் நான்கு மெகாபைட் வரை வரும். ஆயிரம் படம் என்றால் மூன்றரை கிகாபைட் அளவு. உண்மையில் இடத்தை விழுங்குவது வீடியோதான். சாதாரண தெளிவில் ஒரு நிமிட வீடியோ சுமார் 130 மெகாபைட். தம்பியின் விளையாட்டுப் போட்டியைப் பத்து நிமிடம் பிடித்தால் அது 370 படங்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். (தம்பி ஓடியது இருபது வினாடி.)

"நாங்கள் கொப்பி எடுத்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஆனால் அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் லெப்டொப்பில் ஒன்று, அதனுடன் எந்நேரமும் செருகியே கிடக்கும் ஹாட் டிஸ்க்கில் இன்னொன்று. மலைநாட்டில் ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் இடி மின்னல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மின்கம்பி வழியாக வரும் ஓர் அதிர்ச்சி இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடும். இரண்டும் ஒரே பையில் இருந்தால் திருடன் இரண்டையும் கொண்டு போவான். ஒரே அலுமாரியில் இருந்தால் ஒரே ஈரமும் பூஞ்சணமும் இரண்டையும் பிடிக்கும். ஒன்றை அழிக்கும் ஆபத்தே மற்றதையும் அழிக்கும் என்றால், கணக்குக்கு இரண்டு பிரதி, உண்மையில் ஒன்றுதான். காப்புப் பிரதி எடுக்கும்போது எத்தனை பிரதி என்பதை விட, அவை எந்த ஆபத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பெரிய இடங்களும் இதில் அகப்பட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் வகை. சேவையை மீண்டும் இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்பைத் துண்டித்துத் தனியாக வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. தென் கொரியாவில் 2025 செப்டெம்பரில் டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரசாங்க ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி வைக்கவில்லையாம். நம் வீட்டு 190 கிகாபைட்டுக்கு அந்தச் சாட்டு இல்லை.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதற்கு ஓர் எளிய விதியைப் பிரபலப்படுத்தினார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்வார்கள். முதலிரண்டும் பணம் இருந்தால் முடியும். மூன்றாவதுதான் நம் பகுதியில் யோசிக்க வேண்டியது.

ஏனெனில், பக்கத்து வீடு நமக்கு வேறு இடம் ஆகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது ஒரு வீடு மட்டும் போகவில்லை. லயன்கள் வரிசையோடு புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவுகள் பாதைகளையும் வீடுகளையும் கொண்டு போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் யாரும் ஹாட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. தேடாமல் போவதற்காகத்தான் முன்கூட்டியே ஒரு பிரதி இந்த மலைக்கு வெளியே இருக்க வேண்டும்.

எங்கள் ராத்தா அக்குறணையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஆகவே ஒரே அளவில் இரண்டு ஹாட் டிஸ்க் வாங்கி, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றதை ராத்தா வீட்டிலும் வைத்தோம். போகும்போது புதிய படங்கள் ஏற்றிய டிஸ்க் போகிறது, வரும்போது பழையது வருகிறது. தனியாக ஒரு பயணம் தேவையில்லை. பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ எப்படியும் போகத்தானே செய்வோம்! ஒரு கவனம் வேண்டும். குளிர்ந்த ராகலையிலிருந்து வெக்கையான ஊருக்குப் போன டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தவுடன் செருகக் கூடாது. குளிர்ந்த பொருளின் மேல் ஈரக்காற்று நீர்த்துளியாகப் படியும். இரண்டு மணித்தியாலம் பையிலேயே இருக்க விடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும்போது அசைக்கவும் வேண்டாம். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. அதை வாசிக்கும் முனை, தலைமுடியின் தடிப்பை விட மிகச் சிறிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கிறது. "டிக் டிக்" என்று சத்தம் வரத் தொடங்கினால் அதனுடன் போராடாமல் உடனே நிறுத்திவிடுங்கள். பாவிக்காத நேரத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோடு வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குத் தாக்குப் பிடிக்கும்.

அக்குறணை நகரம் வெள்ளத்துக்குப் பெயர் போனது என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ராத்தா வீட்டில் டிஸ்க் மேல்மாடியில் இருக்கிறது. ஆனாலும், டித்வா போன்ற ஒரு புயல் ஒரே நாளில் எங்கள் மலையையும் அவர்களின் ஆற்றையும் ஒன்றாகத் தாக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் மூன்றாவது பிரதியை இணையத்தில் வைத்தோம்; எல்லாவற்றையும் அல்ல, தெரிந்தெடுத்த 800 படங்களை மட்டும்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். 2021 ஜூன் 1க்கு முன் படங்களைச் சற்றுச் சுருக்கி எல்லையில்லாமல் ஏற்ற முடிந்தது. இப்போது ஏற்றும் படங்கள் மின்னஞ்சலோடும் மற்றக் கோப்புகளோடும் அதே 15ஐத்தான் பங்கு போடுகின்றன. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அந்த நிறுவனம் அழித்துவிடவும் கூடும். போனில் இடமில்லை என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் இணையத்திலும் அது அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு இல்லை. போனும் இணையமும் இப்படி ஒத்திசைந்து இயங்கும்போது, விரல் தவறுதல் என்ற ஆபத்தை இரண்டும் பங்கிட்டுக் கொள்கின்றன. கழற்றி வைத்த டிஸ்க்கை அந்த விரல் எட்டாது.

நம் வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழும். பெண்கள் வீட்டு உடையில் இருக்கும் படங்களை இணையத்தில் ஏற்றுவதா? உம்மாவின் பதில் ஒரே சொல்: "வேணாம்." அது அவருடைய உரிமை என்றே நான் நினைக்கிறேன். படத்தில் இருப்பவரின் விருப்பம்தான் முதலில். ராத்தா வீட்டுக்குப் போகும் டிஸ்க்கும் பஸ்ஸில் தொலைந்து யாரோ ஒருவர் கையில் அகப்படலாம். அதனால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறோம். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே எதுவும் தெரியாது. ஆனால் பூட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கடவுச்சொல் என் தலைக்குள் மட்டும் இருந்து, நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் அதை மறந்தும் விட்டால், 22,000 படங்களும் இருந்தும் இல்லாதவையே. அதனால் அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, பிறப்புச் சான்றிதழ்களோடு வாப்பாவின் பெட்டியில் வைத்தோம். ராத்தாவிடமும் ஓர் உறை இருக்கிறது. போனைத் திருத்தக் கொடுக்கும் முன் மெமரி காட்டைக் கழற்றி, போனில் உள்ள படங்களையும் மாற்றிவிடுவது நல்லது. திருத்துபவரைச் சந்தேகிப்பதாக அர்த்தமில்லை. அவருக்குத் தேவையில்லாத ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மலிவாக விற்கும் இரண்டு டெராபைட் பென் டிரைவ்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல போலி. உள்ளே உண்மையில் இருப்பது 16 அல்லது 32 கிகாபைட். கணினியிடம் மட்டும் இரண்டு டெராபைட் என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். படங்கள் ஏறுவது போலவே தெரியும், பெயர்களும் இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய மென்பொருள் டிரைவை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்கும். வாங்கியவுடன் அதை ஓட விடுங்கள். அசலாகவே இருந்தாலும், பென் டிரைவ் கொண்டு போவதற்கு நல்லது, வைத்திருப்பதற்கு அல்ல.

டீவீடிக்களை இந்த வருடமே மாற்றிவிடுங்கள். நாம் பதிவு செய்யும் டீவீடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. அது வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் மங்கும். புதிய லெப்டொப்களில் டீவீடி போடும் இடமே இல்லை. எங்கள் பதினொன்றில் ஒன்பதுதான் வாசித்தன. கல்யாண டீவீடியைத் திறந்தால் "வீடியோ டிஎஸ்" என்று ஒரு கோப்புறை தெரியும். உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், கோப்புறையை முழுமையாகக் கொப்பி பண்ணுங்கள்.

"எல்லாம் வட்ஸ்அப் குழுமத்தில் இருக்கிறதே" என்பார்கள். இருப்பது அந்தப் படத்தின் நிழல்தான். போன் கெமரா 4000க்கு 3000 புள்ளிகளில் எடுத்த படத்தை வட்ஸ்அப் வழமையான தரத்தில் அண்ணளவாக 1600க்கு 1200 ஆகச் சுருக்குகிறது. ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. படத்துக்குள் பதிந்திருக்கும், எடுத்த திகதியும் போய்விடும். குடும்பத்தாருக்கு நல்ல படம் ஒன்றை அனுப்புவதென்றால் "டொகியுமென்ட்" ஆக அனுப்புங்கள், அப்படியே போகும்.

படங்களை மாற்றும்போது "கட்" செய்யாமல் "கொப்பி" செய்து, இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்த பிறகே போனில் அழியுங்கள். கோப்புறைக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலில் எழுதினால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கும்: 2024-04 நோன்புப் பெருநாள், 2024-08 ராத்தா கல்யாணம் என்பது போல.

ஆனால் யார் யார் என்பதைக் கணினி சொல்லாது. எங்கள் உம்மும்மாவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. அவருடைய பழைய அல்பத்தில் மொத்தம் 43 படங்கள். பக்கங்களின் பசை மஞ்சளாகி, சிலவற்றில் பூஞ்சணம் பூத்திருந்தது. அவற்றை மெதுவாகக் கழற்றி, கறுப்புத் துணியில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் போனால் படம் எடுத்தோம். பிறகு அவர் பக்கத்தில் ஒரு போனில் குரல் பதிவை ஓட விட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டேன். "இது யார் உம்மும்மா?" என்றால், பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். ஓரத்தில் நிற்பவர் நுவரெலியாவிலிருந்து பாண் கொண்டு வரும் லொறிச் சாரதி. கல்யாணத்துக்குச் சொல்லாமலே வந்தவர். படம் எடுக்கும்போது இழுத்து நிறுத்தினார்களாம். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை மூன்று வயதில் மௌத்தாகிவிட்டது. அந்தக் குழந்தையின் பெயர் உம்மாவுக்கே தெரியாது. பத்து நிமிடக் குரல் பதிவு பத்து மெகாபைட், மூன்று படங்களின் இடம். இந்தக் கட்டுரையில் உள்ள வேறு எதையும் நீங்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடலாம். இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள்.

உம்மாவின் வாப்பா நான் பிறக்கும் முன்பே மௌத்தானவர். அந்த 43 படங்களில் அவர் ஒன்றிலும் இல்லை. அவருக்கென்று இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த, நகத்தளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மட்டும். அது எங்கள் மூன்று பிரதிகளிலும் இருக்கிறது. உம்மா மறுக்காமல் இணையத்துக்கு அனுப்பிய முதலாவது படமும் அதுதான்.

திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு ஆண்டின் கோப்புறையிலும் பத்துப் படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். அரை மணித்தியாலம் போதும். டிஸ்க் பழுதாகும் வரை காத்திருக்காமல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதியதற்கு மாற்றுவோம். வாங்கிய திகதியை ஒரு சிறு தாளில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.